வெள்ளிக்கிழமை போகும் பியூஸ்: மோட்டார் சைக்கிள் மின்கோளாறு கேள்வி-பதில்

மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கினால் கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வரும் கேள்விகளில் பாதி ஒரே ராகம்தான்: "சரி செய்தேன், மறுபடியும் வந்துவிட்டது." மறுபடியும் வருகிறது என்றால் முதல் முறை சரியாகவே இல்லை என்று பொருள். பேட்டரி மாறியிருக்கும், பிளக்கின் பொறியை இயக்கும் சி.டி.ஐ. பெட்டி மாறியிருக்கும், கோளாறு மட்டும் வண்டியிலேயே குடியிருக்கும். உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளில் நான் பார்த்தவரை முதலில் கெடுவது வயர் சேரும் இடங்களும், பேட்டரியின் நெகட்டிவ்வை வண்டியின் உடலோடு சேர்க்கும் எர்த்தும்தான். கடையில் விற்கும் பொருள்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கெடுகின்றன.

கேள்வி: ஐயா, என் வண்டியில் பியூஸ் அடிக்கடி போகிறது. அதிலும் வெள்ளிக்கிழமை என்றால் நிச்சயம். வீட்டில் ஏதோ தோஷம் என்கிறார்கள். மெக்கானிக் 10 ஆம்பியருக்குப் பதில் 25 ஆம்பியர் பியூஸ் போட்டுவிட்டு, இனி போகாது என்கிறார். (வில்லியனூர்)

பதில்: இனி பியூஸ் போகாது, வயர்தான் போகும். 10 ஆம்பியர் இடத்தில் 25 போட்டால், வயர் சூடாகி உறை உருகும் வரை அந்த பியூஸ் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பழைய அளவையே போடுங்கள்.

தோஷத்துக்கு வருவோம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: வெள்ளிக்கிழமைதோறும் மனைவியையும் பிள்ளையையும் பின்னால் உட்கார வைத்துத் திருக்காமீஸ்வரர் கோயிலுக்குப் போவதாக. எனக்கு அந்த ஒரு வரி போதும். மற்ற நாள்களில் தனியாகப் போகிறீர்கள், பியூஸ் நிற்கிறது. இரண்டு பேர் பின்னால் ஏறியதும் வண்டியின் பின்பாகம் தாழ்கிறது. சீட்டுக்கு அடியில் போகும் டெயில் லைட் வயர் எங்கோ மட்கார்டிலோ, சேலை கார்டு போல்ட்டிலோ நசுங்கி, உறை தேய்ந்து, உள்ளே உள்ள செம்பு வண்டியின் இரும்பு உடலைத் தொடுகிறது. அதுதான் ஷார்ட்.

கண்டுபிடிக்க பியூஸ்களை ஒவ்வொன்றாக எரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஹோல்டரோடு வாங்கி, அதன் இரண்டு வயரையும் பியூஸ் இருந்த இடத்தில் செருகுங்கள். ஷார்ட் ஆனாலும் அந்த பல்பு 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது, ஆகவே எதுவும் எரியாது. ஹெட்லைட் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகியை) பிரித்து, டெயில் லைட், இண்டிகேட்டர் பல்புகளையும் கழற்றிவிட்டுச் சாவியைப் போடுங்கள். பல்பு அணைந்தோ மங்கலாகவோ இருக்க வேண்டும். (பெட்ரோல் பம்ப் உள்ள வண்டியில் சில விநாடி எரிந்துவிட்டு மங்கும். பயப்படாதீர்கள்.) இப்போது ஒருவரைப் பின்னால் உட்காரச் சொல்லிக் குலுங்கச் சொல்லுங்கள். பிரேக்கையும் மிதித்துப் பாருங்கள். பல்பு எந்த நொடியில் முழு வெளிச்சத்தில் எரிகிறதோ அந்த நொடியில் செம்பு உடலைத் தொட்டுவிட்டது. பிறகு கையால் வயரைப் பின்னாலிருந்து முன்னால் ஒரு சாண், ஒரு சாணாக அசைத்துக்கொண்டே வாருங்கள். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் எரிந்தால் வேலை இன்னும் சுலபம்: பிரேக் சுவிட்ச்சிலிருந்து டெயில் லைட் வரை போகும் அந்த ஒரு வயரைப் பார்த்தால் போதும்.

தேய்ந்த இடம் கிடைத்ததும் கருப்பு டேப் மட்டும் சுற்றி மூடிவிடாதீர்கள். வயரை அந்த போல்ட்டின் வழியிலிருந்தே விலக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆடி வெள்ளிக்கு மறுபடியும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

கேள்வி: துறைமுகத்திலிருந்து மீன் எடுத்துப் போய் விற்கிறேன். ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். காலையில் செல்ப் எடுப்பதில்லை, கிக்கரில்தான் கிளம்புகிறேன். மட்டமான பேட்டரியா? (கடலூர் முதுநகர்)

பதில்: இரண்டு பேட்டரியுமே மட்டமாக அமைந்திருக்க வாய்ப்பு குறைவு. மூன்றாவதை வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரால் மூன்று அளவு எடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ப் சுற்றும்போது 10-க்குக் கீழே வெகுவாக இறங்கக் கூடாது. எஞ்சினை ஓட்டி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால், சார்ஜைக் கட்டுப்படுத்த வேண்டிய ரெகுலேட்டரே பேட்டரியை வேகவைக்கிறது. எவ்வளவு முறுக்கியும் 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை.

சார்ஜ் சரியாக ஏறியும் காலையில் இறங்கியிருந்தால் இரவில் எதுவோ குடிக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, ஒரு முனையை நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையைக் கழற்றிய வயரிலும் வையுங்கள். சாவியைத் தொடாதீர்கள், செல்பை அழுத்தவே அழுத்தாதீர்கள். சில மில்லி ஆம்பியர் போனால் அது மீட்டர் போர்டில் உள்ள கடிகாரமாக இருக்கும், பாதகமில்லை. 50 மில்லி ஆம்பியர் போனால் 5 ஆம்பியர்-மணி பேட்டரி நூறு மணி நேரத்தில், அதாவது நான்கே நாளில், முழுதாகக் காலி. அப்போது ரெகுலேட்டர் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். எண் பூச்சியத்துக்கு விழுந்தால் திருடன் அங்கேதான். விழாவிட்டால் பிறகு பொருத்திய சார்ஜர், அலாரம் என்று ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்.

உங்கள் வண்டியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு இடம். கேரியரில் மீன் பெட்டி இருக்கிறது. ஐஸ் கரைந்து உப்புநீர் நாள் முழுக்கச் சொட்டுகிறது. அது சீட்டுக்கு அடியில் உள்ள கப்ளர்களின் மேல்தான் விழும். கப்ளரை இழுத்துப் பிரித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு போல உதிர்ந்தால், ஒரு பிளாஸ்டிக் துவாரம் மட்டும் பழுப்பாக வெந்திருந்தால், உங்கள் பேட்டரிகளைத் தின்ற ஆளைப் பார்த்துவிட்டீர்கள். வயர் முனையில் களிம்பு ஏறிய உலோக டெர்மினலைச் சுரண்டிப் பயனில்லை. புது டெர்மினல் வைத்து அழுத்தி, சிறிது வாசலின் தடவிப் பொருத்துங்கள். பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: இடது பக்க இண்டிகேட்டர் மட்டும் வேகமாகத் துடிக்கிறது. ரிலேவை மாற்றச் சொல்கிறார்கள். (நெல்லிக்குப்பம்)

பதில்: இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் ரிலே கெட்டிருந்தால் வலது பக்கமும் துடிக்கும். இடது பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கிறது, அல்லது அதன் எர்த் துருப்பிடித்திருக்கிறது. எல்.இ.டி. மாற்றியிருந்தால் அதுவே காரணம்: வாட் குறைந்ததும் பழைய ரிலே வேகம் பிடிக்கும்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலின்போது வண்டி சீட் வரை தண்ணீரில் நின்றது. சர்வீஸ் செய்து ஓட்டினேன். அதன் பிறகு ஒரு மாதம் ஹார்ன், அடுத்த மாதம் செல்ப், பிறகு நியூட்ரல் லைட் என்று வரிசையாக வருகிறது. (ரெயின்போ நகர், புதுச்சேரி)

பதில்: 2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அன்று நீரில் நின்ற வண்டிகளின் கதை எல்லாம் உங்கள் கதைதான். தனித்தனிக் கோளாறாகத் தோன்றினாலும் எல்லாவற்றுக்கும் மூலம் அந்தத் தண்ணீர். வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழைகளின் இடுக்கு வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அது உறைக்குள் ஏறிவிடும். வெளியே காய்ந்து பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே களிம்பு ஊர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மாதத்துக்கு ஒன்று.

ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். டேங்க்கைக் கழற்றி, ஹெட்லைட் கிண்ணத்தைத் திறந்து, எல்லாக் கப்ளர்களையும் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து உலர்த்துங்கள். உடலில் போல்ட் போட்டு முறுக்கிய எர்த் வளையங்களைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து வெளுத்த இரும்பைக் காணுங்கள். சரியாகிவிட்டதா என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் மறு முனையை எஞ்சின் உடலிலும் வைத்து ஹார்னை அழுத்துங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இன்னும் தகராறு செய்கிறது. செல்ப் சுற்றும்போது 0.5 வரை பொறுக்கலாம்.

சந்தேகமுள்ள வயரின் முனையில் உறையை ஓர் அங்குலம் சீவுங்கள். செம்பு செம்பாகவே இருந்தால் புது டெர்மினல் போதும். கருப்பாக, தொட்டால் ஒடிவதாக இருந்தால் இன்னும் மேலே சீவுங்கள். நான்கைந்து இடத்தில் இப்படிக் கண்டால் ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டு முழு வயரிங் கிட்டையே மாற்றுங்கள். செலவு கண்ணை உறுத்தும்தான். ஆனால் மாதாமாதம் கொடுக்கும் கூலியை ஒரு தாளில் கூட்டிப் பார்த்தால் முடிவு எடுப்பது எளிது.

கேள்வி: ஹேண்டிலை வலது பக்கம் முழுதாகத் திருப்பினால் எஞ்சின் நின்றுவிடுகிறது. நேராக்கினால் கிளம்புகிறது. (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: ஹேண்டிலோடு தினமும் நூறு முறை மடங்கும் இடத்தில், கழுத்துக்குப் பக்கத்தில், இக்னிஷன் சுவிட்ச்சின் வயரோ, எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச்சின் வயரோ உள்ளே அறுந்திருக்கிறது. உறை முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒவ்வொரு வயரையும் இரு கை விரல்களால் பிடித்து மெதுவாக இழுங்கள். செம்பு நல்லபடி இருந்தால் விறைப்பாக நிற்கும். அறுந்த இடத்தில் மட்டும் ரப்பர் மாதிரி நீளும். அந்த இடத்தை வெட்டி, புது வயர்த்துண்டை ஈயம் வைத்து இணைத்து, சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். இணைப்பு மடங்கும் இடத்தில் வராதபடி தள்ளி வையுங்கள், கழுத்தருகே டை போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள்.

கேள்வி: அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் வண்டி நிற்கிறது. இருபது நிமிடம் ஆறினால் ஓடுகிறது. மெக்கானிக்கிடம் போகும்போது நன்றாகவே இருக்கிறது! (லாஸ்பேட்டை)

பதில்: இந்த நோய் வைத்தியரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். நின்ற இடத்திலேயே இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய் வண்டி உடனே கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்படி இல்லாவிட்டால் தயாராக வைத்திருக்கும் இன்னொரு ஸ்பார்க் பிளக்கைக் கேப்பில் செருகி, எஞ்சின் உடலோடு அழுத்திவைத்துச் சுற்றிப் பாருங்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறியதும் இருக்கிறது என்றால், பொறி எப்போது வர வேண்டும் என்று சொல்லும் பிக்கப் காயிலோ, பொறிக்கு உயர் வோல்ட் தரும் எச்.டி. காயிலோ கெட்டிருக்கிறது. சூடாக இருக்கும்போதே காயிலின் ஓம் (மின்தடை) அளந்து, ஆறிய பிறகும் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஆறிய வண்டியை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்பவரிடம் மறுமுறை போகாதீர்கள்.

கேள்வி: ஹெட்லைட்டை அணைக்கவே முடியவில்லை. சுவிட்ச் கெட்டுவிட்டதா? (மஞ்சக்குப்பம்)

பதில்: இல்லை. 2017 ஏப்ரல் 1 முதல் விற்கும் இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்வரை முன்விளக்கு எரிந்தே தீர வேண்டும் என்பது விதி. அதோடு மேலும் இரண்டு பனி விளக்கு மாட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மாட்டுங்கள், ஆனால் விளக்கின் கரண்ட்டைத் தாங்கும் ஒரு ரிலேயும் தனி பியூஸும் வைத்து. ஹெட்லைட் வயரைச் சீவி முறுக்கிவிட்டால், மேலே உள்ள கேள்விகளில் ஒன்றை அடுத்த மழையில் நீங்களும் கேட்பீர்கள்.

கேள்வி: வீட்டிலேயே பார்க்க எந்த மல்டிமீட்டர் வாங்கலாம்? (அரியாங்குப்பம்)

பதில்: கடையில் கிடைக்கும் விலை குறைந்த டிஜிட்டல் மீட்டரே போதும். வோல்ட், ஓம், 10 ஆம்பியர் டி.சி., 'பீப்' ஒலி, இந்த நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்பியர் அளந்து முடித்ததும் சிவப்பு வயரை உடனே வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரி முனைகளில் வைத்தால் நேராக ஷார்ட்தான்: பொறி பறக்கும், பாதுகாப்பு இல்லாத மீட்டர் கையிலேயே கருகும்.