நாய் நன்றாகத்தான் சாப்பிடுகிறது, ஆனால் வாய் நாறுகிறதே?

கேள்வி: எங்கள் நாய்க்கு ஐந்து வயது, பூனைக்கு மூன்று. நாயின் வாயில் சில மாதங்களாக நாற்றம். மேல் கடைவாய்ப் பற்கள் பழுப்பேறிவிட்டன. ஆனால் சாப்பாட்டில் குறையே இல்லை. எலும்பு கடிக்கக் கொடுத்தால் சரியாகுமா? மயக்க மருந்து இல்லாமலே பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கலாம் என்கிறார்களே, செய்யலாமா? பூனைக்கும் பல் தேய்க்க வேண்டுமா?

பதில்: சாப்பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல் வலித்தாலும் நாயும் பூனையும் பசித்தால் பெரும்பாலும் சாப்பிடும். வலிக்காத பக்கமாக மெல்லும், இல்லையென்றால் மெல்லாமலே விழுங்கும். "நாய் என்றால் வாய் நாறத்தானே செய்யும்" என்று பலரும் விட்டுவிடுவது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். நோயில்லாத வாய் அப்படி நாறாது.

பல்லின் மேல் கிருமிகள் ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. அன்றே தேய்த்தால் போய்விடும். விட்டுவிட்டால் உமிழ்நீரில் உள்ள தாது உப்புகள் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் காரையாக இறுகத் தொடங்கும். உமிழ்நீர்க் குழாய் திறக்கும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் மேல்வரிசைப் பெரிய கடைவாய்ப் பல்லில்தான் அது அதிகம் படியும். நீங்கள் பார்த்த பழுப்பு அதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் காரையைவிட ஈறுக்கு அடியில் நடப்பதுதான் கவலைக்குரியது. ஈறு வீங்கிச் சிவந்த நிலையில் கவனித்தால் பழையபடி திரும்பிவிடும். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால் அது திரும்ப வளர்வது அரிது.

இறுகிய காரை பிரஷ்ஷால் போகாது. அதனால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஸ்கேலிங், அதாவது கருவியால் காரையை நீக்கும் சுத்தம், செய்யுங்கள். மயக்க மருந்து கொடுத்தே செய்ய வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. விழித்திருக்கும் நாய் ஈறுக்கு அடியில் கருவி நுழைய விடாது. வேரைப் பார்க்க எக்ஸ்ரே எடுக்கவும் முடியாது. மேலே மட்டும் சுரண்டினால் பல் வெள்ளையாகும், நோய் அப்படியே உள்ளே இருக்கும். மயக்கத்தை நினைத்துப் பயமாக இருந்தால், முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகத்தையும், தனியாக இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயது என்பது இதற்குத் தடையே இல்லை. கண்ணுக்குக் கீழே வீக்கம் தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பெரிய பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கலாம்.

எலும்பு வேண்டாம். மான்கொம்பு, குளம்பு போன்றவையும் வேண்டாம். இவற்றைக் கடித்துக் கடைவாய்ப் பல் பிளந்துபோவது அடிக்கடி நடக்கிறது. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதியாத பொருள் நாயின் பல்லுக்கு மிகவும் கடினம்.

ஈறு ஆறியதும் தேய்க்கப் பழக்குங்கள். முதல் சில நாள் நாய்க்கான பற்பசையை விரலில் வைத்து நக்க மட்டும் விடுங்கள். அப்புறம் உதட்டைத் தூக்கி விரலால் ஈறைத் தடவுங்கள், பிறகு மென்மையான பிரஷ். வாயைத் திறக்க வைக்கப் போராட வேண்டாம். பல்லின் வெளிப்பக்கம்தான் முக்கியம், அதிலும் ஈறும் பல்லும் சேரும் விளிம்பு. பக்கத்துக்கு அரை நிமிடம் போதும், ஆனால் தினமும். வாரம் ஒருமுறை தேய்ப்பதால் பெரிய பலன் இல்லை, காரை அதற்குள் இறுகிவிடும்.

நாம் பயன்படுத்தும் பற்பசை கூடவே கூடாது. நாய்க்கும் பூனைக்கும் துப்பத் தெரியாது, ஃப்ளோரைடு வயிற்றுக்குள் போகும். சில பற்பசைகளில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென இறக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

பூனைக்கும் தேய்க்க வேண்டும். குட்டியிலிருந்து பழக்கினால் எளிது. ஆனால் பூனைகளுக்குப் பல் தானாகவே கரைந்துபோகும் நோய் ஒன்று மிகச் சாதாரணமாக வருகிறது. தேய்ப்பதால் அதைத் தடுக்க முடியாது. எக்ஸ்ரேயில்தான் முழுதாகத் தெரியும், பெரும்பாலும் பல்லை எடுத்துவிடுவதே தீர்வு. தட்டுக்கு ஆசையாக வந்து ஒரு வாய் கடித்ததும் விலகி ஓடுவது, தாடை நடுங்குவது, எச்சில் வடிவது இதன் அறிகுறிகள். வலியால் பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் அதைத் தனி அவசரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினி நீண்டால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், அதனால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.