பொறுமை போன பிறகு சிப்ஸ் எங்கிருந்து வந்தது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். வயது 34. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கைக்கு 29,000 வருகிறது. ஒன்றரை வருடமாக ஆன்லைனில் பணம் வைத்துப் போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறேன், 5/10 டேபிள் (கட்டாயப் பந்தயம் 5 ரூபாய், 10 ரூபாய்) மட்டும்தான். இரண்டு மணி நேரம் பொறுமையாக ஆடுவேன். ஒரு பெரிய கை போனால் பொறுமையும் போய்விடும். தடைச் சட்டத்தால் ஆப்பை மூடிவிட்ட பிறகு, பொள்ளாச்சியில் இருக்கும் மச்சினன் மூலமாகச் சிப்ஸ் (பந்தயத்தில் பணத்துக்குப் பதிலாக வைப்பது) வாங்குகிறேன். அவனுக்கு 18,000 பாக்கி, கேட்டு நச்சரிக்கிறான். மனைவியின் சங்கிலி மேல் ஏற்கெனவே 60,000 கடன். தங்கம் விலை ஏறியதால் அதே சங்கிலி மேல் இன்னும் 40,000 டாப்-அப் கடன் தருவதாக மெசேஜ் வந்தது. அதில் மச்சினன் பாக்கியை அடைத்துவிட்டு, மீதி 22,000-ஐத் தனியாக வைத்து ஒழுங்காக ஆடலாமா? பொறுமையைப் பழக 7,500 ரூபாய்க்கு ஒரு கோர்ஸ் இருக்கிறதே, சேரலாமா? கே.எஸ்.எஃப்.இ. (கேரள அரசு நிதி நிறுவனம்) சிட்டி, அதாவது சீட்டு, மாதம் 2,500 கட்டுகிறேன், இன்னும் எடுக்கவில்லை. மனைவிக்கு எதுவும் தெரியாது.

பதில்: எந்தக் கையை ஆடுவது, எதை மடித்துப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய கணக்கிலும் பெரும்பாலான இரவுகளில் நஷ்டம் 200, 300-க்கு மேல் போகவில்லை. அதனால் ஆட்ட நுணுக்கத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. மச்சினனோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்களே, அந்தச் சனிக்கிழமை இரவைப் பார்ப்போம்.

11.40-க்கு ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு 1,000 ரூபாய் தோற்றீர்கள். எதிரில் இருந்தவரிடம் சின்ன ஜோடி. அந்த இடத்தில் ஏஸ் ஜோடி ஏறக்குறைய ஐந்தில் நான்கு தடவை ஜெயிக்கும், ஒரு தடவை தோற்கும். அன்று வந்தது அந்த ஒரு தடவை. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. 11.52-க்கு மச்சினனுக்கு ‘2 போடு’ என்று மெசேஜ் போயிருக்கிறது, டேபிள் 10/20 ஆகிவிட்டது. 12.15-க்கு ‘5’, டேபிள் 25/50. 1.05-க்கு இன்னொரு ‘5’. முதல் ஆயிரத்துக்குப் பிறகு மட்டும் 12,000. இன்றைக்கு நிற்கும் 18,000 பாக்கியில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறியது.

பொறுமை எல்லோருக்கும்தான் போகும், வருடக்கணக்கில் ஆடுகிறவர்களுக்கும் போகும். உங்கள் விஷயத்தில் கெடுதல் செய்வது, அது போன நிமிடத்தில் கடனுக்குச் சிப்ஸ் கிடைப்பது. ராத்திரி ஒரு மணிக்கு ‘5’ என்று ஒரே ஓர் எழுத்துத் தட்டினால் 5,000 வந்து விழுகிறது. கையில் இருந்தது தீர்ந்தால் எழுந்துதான் ஆகவேண்டும் என்றிருந்தால் அன்றைக்கு 11.40-க்கே தூங்கப் போயிருப்பீர்கள்.

அந்த 22,000-க்கு வருவோம். 5/10 டேபிளில் ஒரு தடவை உட்கார 1,000 ரூபாய். இருபது தடவைக்கு மேல் உட்காரும் பணம் கையிருப்பில் வேண்டும் என்ற வழக்கமான கணக்கைத்தான் போட்டிருக்கிறீர்கள். டேபிள் மாறாதவருக்கு அது சரி. உங்கள் சனிக்கிழமைகள் இரண்டுக்கு அது காணாது.

வருமானத்தையும் தோராயமாகப் பார்த்துவிடலாம். ரேக் (ஆட்டத்தை நடத்துபவர் எடுக்கும் பங்கு) போக நூறு கைக்கு ஐந்து பிக் பிளைண்ட் (டேபிளின் பெரிய கட்டாயப் பந்தயம், உங்களுக்கு 10 ரூபாய்) ஜெயிப்பவர் சின்ன டேபிளில் நல்ல ஆட்டக்காரர். உங்கள் டேபிளில் அது 50 ரூபாய். மணிக்கு 70 கை ஓடும் என்றால் 35 ரூபாய். மாதம் இருபது இரவு, இரவுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 2,100. நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்று வைத்தாலும் 40,000 டாப்-அப்புக்கு மாதம் 600 போகும், மிச்சம் 1,500. இது தொடர்ந்து ஜெயிப்பவரின் கணக்கு, நீங்கள் இதுவரை அந்த நிலையில் இல்லை. அப்படி ஜெயித்தாலும் ஒரு சனிக்கிழமையை ஈடுகட்ட எட்டு மாதம் ஆகும். கோர்ஸ் கட்டணம் மட்டும் ஐந்து மாத மிச்சம். மனதை அடக்கும் பயிற்சி என்று இப்போது ஆளாளுக்கு விற்கிறார்கள். மச்சினன் நம்பரிலிருந்து சிப்ஸ் வருவதை எந்த கோர்ஸும் நிறுத்தாது.

மச்சினனைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த மாதிரி ஏற்பாட்டில் ஒவ்வொரு கையிலும் எடுக்கும் ரேக்கில், சிப்ஸ் விற்கும் ஏஜென்டுக்குப் பொதுவாக ஒரு பங்கு போகும். நீங்கள் எவ்வளவு நேரம் ஆடுகிறீர்களோ அவ்வளவு அவருக்கு லாபம், ‘போதும் மாமா, படுங்க’ என்று அவர் சொல்ல மாட்டார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டத்தையே தடை செய்கிறது. நடத்துபவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்பவருக்கும் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லை. ஆனால் சிக்கல் வந்தால் மாட்டுவது உங்கள் மனைவியின் தம்பி. நாளைக்குப் பெரிய தொகை ஜெயித்து, மேலே இருப்பவர்கள் தரவில்லை என்றால் நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

கடிதத்தின் ஓரத்தில் பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் பக்கம் போகலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கு வெளியிட்டது. தோற்றதும் பெரிய டேபிளுக்கு ஓடுகிறவருக்கு அங்கே டேபிளுக்குப் பஞ்சமே இல்லை.

சரி, இப்போது என்ன செய்வது? டாப்-அப் வேண்டாம். சிட்டியையும் அவசரப்பட்டுத் தள்ளி எடுக்க வேண்டாம், தவணை தவறாமல் கட்டி வாருங்கள், சங்கிலியை மீட்க அந்தப் பணம்தான் உதவும். போக்கர் மேல் ஆசை இருந்தால் இலவச சிப்ஸில் ஆடுங்கள். அதில் பத்து நிமிடத்தில் சலித்துப்போகிறது என்றால் நீங்கள் தேடுவது ஆட்டத்தை இல்லை என்று தெரிந்துவிடும். அப்போது 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். சங்கிலி அவருடையது, கடன் கொடுத்தவர் அவருடைய தம்பி. திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மச்சினன் பாக்கியை மாதம் 3,000 வீதம் ஆறு மாதத்தில் அடைத்துவிடலாம். அந்தப் பணத்தை நீங்கள் அனுப்ப வேண்டாம், சம்பளம் வந்ததும் மனைவியின் போனிலிருந்து அக்காவே தம்பிக்கு அனுப்பட்டும். அக்கா கணக்குப் பார்க்கிறாள் என்று தெரிந்த பிறகு ராத்திரி ஒரு மணிக்கு அவர் சிப்ஸ் போட மாட்டார்.