8 ஜிபி லேப்டாப்பில் தீபாவளி பேனர் செய்தால் ஃபோட்டோஷாப் உறைந்துபோகிறதே, ஏன்?

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக் கடைக்கு 8க்கு 4 அடி பேனர், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு நிற முறை) என்கிறீர்கள். கணக்குப் போடுங்கள்: 28,800 × 14,400 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட். ஒரு முழு லேயருக்கே (படத்தின் ஓர் அடுக்கு) ஏறத்தாழ 1.66 ஜிபி! நாலு லேயர் போட்டால் ரேம் நிரம்பி, மிச்சமெல்லாம் ரேமைவிட மெதுவான டிஸ்க்குக்குப் போகும். உறைவது அப்போதுதான்.

தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 100 டிபிஐ தாராளம். அச்சகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதே லேயர் 185 எம்பிக்குள் அடங்கிவிடும், ஒன்பதில் ஒரு பங்கு.

அப்படியும் திணறினால் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100-இல் நின்றால் குரோமை மூடுங்கள். ஃபோட்டோஷாப் பிரிஃபரன்சஸில் ஹிஸ்டரி ஸ்டேட்ஸை (பின்னோக்கிப் போகச் சேமித்துவைக்கும் படிகள்) 50-இலிருந்து 15 ஆக்குங்கள். ஸ்க்ராட்ச் டிஸ்க் (ரேம் போதாதபோது ஃபோட்டோஷாப் பயன்படுத்தும் டிஸ்க் இடம்) இருக்கும் டிரைவில் 40, 50 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். ஃபோட்டோஷாப்புக்கான ரேமை 100 சதவீதம் ஆக்கிவிடாதீர்கள். விண்டோஸுக்கு இடமில்லாமல் இன்னும் மோசமாகும்.

காப்பிக்கடையில் சார்ஜர் இல்லாமல் வேலை பார்த்தாலும் வேகம் குறையும்.

ரேம் வாங்க, கம்ப்யூட்டர் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேர் போகுமுன் மாடலைச் சரிபாருங்கள். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், மாற்ற முடியாது.