திவால் மனு போட்டவரிடம் வீடு வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குப் பிடித்த வீட்டின் உரிமையாளர் திவால் மனு தாக்கல் செய்திருக்கிறாராம். "அட்வான்ஸ் கொடுங்கள், விலையைக் குறைத்து உடனே எழுதித் தருகிறேன்" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வீட்டை வாங்கலாம். அட்வான்ஸை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

மனு தாக்கலான கணமே அவருடைய சொத்துகள், திவால் சட்டத்தின் 541-வது பிரிவின்படி, ‘எஸ்டேட்’ என்ற தொகுப்புக்குள் போய்விடுகின்றன. பத்திரத்தில் அவர் பெயர் அப்படியேதான் இருக்கும். தன்னிச்சையாக விற்கும் அதிகாரம் மட்டும் இருக்காது. மீறி எழுதிக் கொடுத்தால், 549-வது பிரிவைக் காட்டி ட்ரஸ்டி (எஸ்டேட்டைக் கவனிக்க நியமிக்கப்படுபவர்) அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். விவரம் அறியாமல் நியாயமான விலைக்கு வாங்கியவருக்கு அதே பிரிவில் ஒரு பாதுகாப்பு உண்டு. உங்களுக்கு அது கிடைக்காது. தெரிந்துதானே கேட்டிருக்கிறீர்கள்!

வழக்கு திவால் சட்டத்தின் சேப்டர் 7-ஆ (சொத்தை ட்ரஸ்டி விற்றுக் கடனை அடைப்பது), 13-ஆ (சொத்தை வைத்துக்கொண்டு கடனைத் தவணையில் அடைப்பது) என்று முதலில் பாருங்கள். வழக்கு எண் இருந்தால் ‘பேசர்’ என்ற நீதிமன்ற இணையதளத்திலேயே தெரிந்துவிடும். 13 என்றால் நீதிமன்ற அனுமதி பெற்று உரிமையாளரே விற்கலாம். 7 என்றால் நீங்கள் பேச வேண்டிய ஆள் ட்ரஸ்டி. வங்கிக் கடனும் சட்டம் உரிமையாளருக்கு விட்டுவைக்கும் தொகையும் போக ஒன்றும் மிஞ்சாது என்று தோன்றினால், ட்ரஸ்டி 554-வது பிரிவின்கீழ் வீட்டைக் கைவிட்டுவிடுவார். அப்போது அது திரும்ப உரிமையாளர் கைக்கு வரும். கைவிட்டதற்கான ஆவணத்தைக் கண்ணால் பார்க்காமல் பேச்சை ஆரம்பிக்காதீர்கள்.

ட்ரஸ்டியிடம் வாங்குவதற்குப் பொறுமை வேண்டும். 363-வது பிரிவின்கீழ் விற்க, கடன்காரர்களுக்குப் பொதுவாக 21 நாள் நோட்டீஸ் போகும். அவர்கள் ஆட்சேபிக்கலாம். அதைவிட வயிற்றெரிச்சல், நீங்கள் பேசி முடித்த விலைக்கு மேல் இன்னொருவர் கேட்டு வீட்டைத் தட்டிக்கொண்டு போவது. அப்படி நடந்தால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வீடும் ‘உள்ளது உள்ளபடி’தான் கிடைக்கும், ட்ரஸ்டி அங்கே ஒரு நாள்கூடக் குடியிருந்தவரில்லை, கூரை ஒழுகுமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? இன்ஸ்பெக்‌ஷனை விலை சொல்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

உங்களுக்குக் காப்பு நீதிமன்ற உத்தரவுதான். அடமானம் முதலிய பாத்தியதைகள் நீங்கி வீடு வருகிறது என்பதும், நீங்கள் நல்லெண்ணத்துடன் வாங்குபவர் என்பதும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது இருந்தால், மேல்முறையீட்டில் உத்தரவு மாறினாலும், நிறுத்தி வைக்கப்படாமல் முடிந்துவிட்ட விற்பனைக்குப் பொதுவாகப் பாதிப்பு வராது. உத்தரவு வந்த பிறகும், நீதிபதி விலக்கு தராவிட்டால், 14 நாள் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கடன் வட்டியைக் குறிப்பிட்ட நாட்களுக்கு மாறாமல் ‘லாக்’ செய்யும்போது இந்த நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உத்தரவின் நகலை டைட்டில் கம்பெனிக்கு (வீட்டின் உரிமையைச் சரிபார்த்து அதற்கு இன்ஷூரன்ஸ் தரும் நிறுவனம்) முன்கூட்டியே அனுப்பி, இன்ஷூரன்ஸ் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

உரிமையாளரிடம் இப்போதைக்கு இரண்டே விஷயம் கேளுங்கள்: வழக்கு எண், அவருடைய வக்கீலின் தொலைபேசி எண். தர மழுப்பினால் வேறு வீடு பாருங்கள்.