மாணவர் வானொலியில் விளையாட்டு வர்ணனை செய்வதால் பயன் உண்டா?

இதழியல் படிக்கும் நீங்கள், கல்லூரி வானொலியின் விளையாட்டுப் பகுதிக்கு ஆள் தேடுகிறார்கள், ஆனால் சம்பளம் இல்லை, மாலை நேரத்தை அதில் செலவிடுவது வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் அன்று. ‘கூலி இல்லாமல் உழைக்கச் சொல்கிறாயா’ என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: லாபம் பார்க்கும் நிறுவனம் இலவசமாக எழுதச் சொன்னால் நானும் மறுப்பேன். மாணவர் வானொலி அப்படிப்பட்டதன்று. அங்கே நீங்கள் திக்கித் திணறினாலும் யாருக்கும் நட்டமில்லை.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த செம்பனைத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவள். தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிலை மடித்தாலும், கால்பந்து வர்ணனையாளர் ஹஸ்புல்லா அவாங்கின் குரலைக் கேட்டே பந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று என் அப்பா சொல்லிவிடுவார். அந்த ஆசையோடுதான் பல்கலைக்கழகம் போனேன். செர்டாங்கில் புத்ரா எஃப்எம், ஷா ஆலாமில் யூஎஃப்எம் என்று பல்கலைக்கழக வானொலிகள் இருப்பதுபோல நான் படித்த இடத்திலும் ஒரு வானொலி இருந்தது. கால்பந்தை மூத்த மாணவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு விடுதிகளுக்கிடையிலான பெண்கள் ஹாக்கி வந்தது.

அதுதான் என் அதிர்ஷ்டம் என்பேன். பெரிய ஆட்டத்தில் ஆட்டக்காரர் பட்டியலையும் பழைய முடிவுகளையும் யாராவது அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். விடுதி ஹாக்கிக்கு எதுவுமே இருக்காது. ஆட்டத்துக்கு வெகுமுன்னரே திடலுக்குப் போய், பயிற்றுநரிடம் பட்டியல் வாங்கி, சரவாக்கிலிருந்து வந்த பிள்ளைகளின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டால்தான் வாய் திறக்க முடியும். செய்தியாளருக்கு வேண்டியது இந்தப் பழக்கம்தான். வகுப்பறையில் எனக்கு இது வந்திருக்காது.

அமெரிக்காவில் இது பழைய பாதை. ரெட் பார்பர் 1930இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக வானொலியில் முதன்முதலாக வாசித்தது மாடுகளின் பிரசவம் பற்றிய ஒரு கட்டுரை; வாசிக்க வேண்டிய பேராசிரியர் வராததால் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டிருந்த மாணவரைக் கூப்பிட்டார்கள். பிறகு அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் வர்ணனையாளரானார். 1950இல் அவருக்குத் துணையாக வந்த வின் ஸ்கல்லி, ஃபோர்டம் பல்கலைக்கழக மாணவர் வானொலியில் பழகியவர். 2016 வரை அந்த அணிக்கே வர்ணனை செய்தார். கேட்பவருக்கு அடிக்கடி ஆட்டக் கணக்கைச் சொல்ல மறக்கக்கூடாது என்பதற்காக மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றைப் பார்பர் எதிரில் வைத்திருப்பாராம். எங்கள் வானொலியின் மூத்த அக்கா ஒருவர் கைத்தொலைபேசியின் அதிர்வொலியை வைத்து அதையே எங்களுக்குப் பழக்கினார். அங்குள்ள பணவசதி நமக்கு ஏது என்பீர்கள். மணற்கடிகாரத்துக்குப் பணவசதி எதற்கு?

என் பெருமைக்குரிய ஒலிப்பதிவு, விடுமுறையில் எங்கள் தோட்டத்துத் திடலில் நடந்த எழுவர் கால்பந்துப் போட்டியினுடையது. வானொலியில் தமிழுக்கு ஒதுக்கிய நேரத்துக்காக அதைப் பதிவு செய்தேன். ஒரே அணியில் மூன்று பேர் பத்தாம் எண். ஒருவர் முதுகில் மெஸ்ஸி, இன்னொருவர் முதுகில் உரக் கம்பெனியின் பெயர். எண்ணை நம்பிப் பயனில்லை என்பதால் நோட்டுப் புத்தகத்தில் வேறொரு பட்டியல் போட்டேன்: பச்சைக் காலணி, டிராக்டர் ஓட்டுநரின் இளைய மகன், முழங்காலில் பிளாஸ்திரி, இடதுகால் ஆட்டக்காரர், பந்து தன் பக்கம் வராதபோதெல்லாம் இடுப்பில் கை வைப்பவர், பின்வரிசை அண்ணன். மாற்று ஆட்டக்காரப் பையன் ஒருவன் ஐஸ் சிராப்புக்காக என் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்தான். காற்றிரைச்சல் விழாமல் இருக்கத் தம்பியின் காலுறையைக் கைத்தொலைபேசியின் ஒலிவாங்கிப் பக்கம் மாட்டி, லாரியின் பின்தட்டில் நின்று பேசினேன். ‘பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து விளையாட்டில் என்ன வேலை’ என்ற முணுமுணுப்பும் பதிவில் தெளிவாகக் கேட்கும். நான் அதை வெட்டவில்லை.

இதில் எனக்கு ஆறாத வருத்தமும் ஒன்று உண்டு. ஹாக்கி இறுதியாட்டத்தில் நான் செய்த வர்ணனையைப் பல்கலைக்கழக விளம்பரக் காணொளியில் போட்டார்கள். என் பெயர் எங்குமில்லை. கேட்டதற்கு, மாணவர் செய்வதெல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்றார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம், நான் வழக்குப் பேசவில்லை. ஒரு வரியில் பெயர் போட எவ்வளவு செலவாகும் என்றுதான் இன்றும் கேட்கிறேன். எனவே மூலப்பதிவின் படியொன்றை அன்றைக்கே தேதி போட்டு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப் படி வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் எனக்கு உதவியது. பின்னர் ஒரு நிலையத்தின் நேர்முகத்தில், வெட்டி ஒட்டாத பத்து நிமிடப் பதிவைக் கேட்டார்கள். இறுதியாட்டத்தைத் தராமல் தோட்டத்துப் பதிவைத் தந்தேன். சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்காதவர், ஒரே எண்ணில் மூன்று பேர் ஆடியதை எப்படிப் பிரித்துச் சொன்னாய் என்று விசாரித்தார். நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். கிடைத்தது முழுநேர வேலை அன்று, வார இறுதி வேலைதான். இன்றும் வாரநாளில் வேறு அலுவலகம் போகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியதாகும்.

வானொலியில் இடமில்லை என்றால் மாணவர் இதழைக் கேளுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் இதழியல் மாணவர்கள் ‘பெரித்தா கம்புஸ்’ என்ற செய்தித்தாளையே நடத்திப் பழகியிருக்கிறார்கள். எங்கே சேர்ந்தாலும், யாரும் போக விரும்பாத ஆட்டம் எது என்று முதலில் விசாரித்து அதற்கு உங்கள் பெயரைக் கொடுங்கள். கபடியோ வலைப்பந்தோ நிச்சயம் காலியாக இருக்கும்.