பஞ்சுருட்டான் திரும்பி வரும்போது எடுங்கள்

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தோட்டத்து மின்கம்பியில் தினமும் பச்சைப் பஞ்சுருட்டான்கள் வந்து உட்காருகின்றன. உட்கார்ந்திருக்கும்போது எடுக்கும் படம் நன்றாக வருகிறது. பறக்கும்போது எடுத்தால் வெறும் வானம்தான் விழுகிறது, இல்லாவிட்டால் பச்சையாக ஒரு தீற்றல். என்னிடம் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆரும் 100-400 ஜூம் லென்ஸும். ஷட்டர் வேகம் 1/1000 வைக்கிறேன். புது கேமரா வாங்க வேண்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். சிறு பறவைகளைப் பறக்கையில் எடுத்துப் பழக, உங்கள் தோட்டத்துக்கு வருகிற பறவையைவிட நல்ல பறவை கிடைக்காது. கேமராவும் போதும். மாற்ற வேண்டியது பொத்தானை அழுத்தும் நேரத்தைத்தான்.

பெரும்பாலானவர்கள் பஞ்சுருட்டான் கம்பியிலிருந்து கிளம்பும் கணத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். கண் பார்த்து, விரல் அழுத்தி, ஷட்டர் திறக்க ஏறக்குறைய கால் நொடி ஆகிவிடும். அதற்குள் அது ஃப்ரேமை விட்டே போயிருக்கும். அந்த வெறும் வானம் இப்படித்தான் வருகிறது. ஆனால் பஞ்சுருட்டானிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஈயையோ தேனீயையோ தட்டானையோ பிடித்த பிறகு, கிளம்பிய இடத்துக்கே, அல்லது அதற்கு ஓரிரண்டு அடி தள்ளி, திரும்பி வரும். திரும்பும்போது அவசரம் இருக்காது. சிறகை விரித்து மிதந்து வந்து, உட்காருவதற்கு முன் வாலையும் விரித்து வேகத்தைக் குறைக்கும். அலகில் இரையும் இருக்கும். நீங்கள் எடுக்க வேண்டிய படம் இதுதான்.

ஆகவே பறவை கிளம்பியதும் கேமராவை அதன் பின்னால் ஓட்டாதீர்கள். அது உட்கார்ந்திருந்த இடத்திலேயே வைத்திருங்கள். ஒரு கண் வ்யூஃபைண்டரில், மற்றொரு கண் திறந்தபடி வெளியே. பறவை வருவது தெரிந்ததும், கம்பிக்கு ஒன்றிரண்டு மீட்டர் இருக்கும்போதே பர்ஸ்டை (பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாகப் படங்கள் எடுக்கும் முறை) தொடங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. தேனீயைக் கம்பியில் அடித்து, கொடுக்கின் நஞ்சைப் போக்கிய பிறகுதான் அது விழுங்கும். எடுத்ததைப் பார்த்துச் சரிசெய்ய அந்த இடைவெளி போதும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கிளம்பும். கரிச்சானும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், அதிலும் பழகலாம்.

அடுத்தது ஜூம். சிறிய பறவை என்பதால் 400-இல் வைத்தே எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏபிஎஸ்-சி சென்சாரில் (பெரும்பாலான சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் சிறிய அளவு சென்சார்) 400 மில்லிமீட்டர் லென்ஸ், 15 மீட்டர் தூரத்தில் காட்டும் அகலம் சுமார் 85 சென்டிமீட்டர்தான். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் பறவை அதைக் கடக்கப் பத்தில் ஒரு பங்கு நொடிகூட ஆகாது. 300-க்குக் குறைத்தால் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டும். பச்சைப் பஞ்சுருட்டான் சிறகு விரித்தால் ஏறக்குறைய ஓர் அடி. 24 மெகாபிக்சல் படத்தில் அது 1,600 பிக்சல் அகலத்துக்கு வரும். பிறகு வெட்டிக்கொள்ள தாராளமாக இடம் இருக்கும். ஃப்ரேமை நிரப்ப வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது: நீங்கள் நிற்கும் இடம். கேமரா அமைப்புகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று கேட்பவர் குறைவு. பறவை கிளம்பும்போதும் உட்காரும்போதும் காற்றை எதிர்த்தே இருக்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் பறவையின் முகம் உங்களைப் பார்க்கும். எதிரே இருந்து வந்தால் வாலைத்தான் எடுப்பீர்கள். வெயிலும் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. இரண்டும் ஒரே பக்கம் அமைகிற நேரம்தான் உங்கள் நேரம்.

கோவைப் பகுதியில் இதைக் காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும். அந்த மாதங்களில் காலையில் கிழக்கு வெயிலை முதுகில் வாங்கி நின்றால் பறவையின் பின்புறம்தான் கிடைக்கும். மாலையில் போய்க் கம்பிக்கு மேற்கே நில்லுங்கள். டிசம்பர், ஜனவரியில் காற்று கிழக்கிலிருந்து வரும். அப்போது காலை நேரம் கைகொடுக்கும், கம்பிக்குக் கிழக்கே நிற்க வேண்டும். அதற்காக நேர் முதுகில் காற்றை வாங்கி நிற்க வேண்டாம், ஒரு பக்கமாகக் கொஞ்சம் விலகி நில்லுங்கள். காரணம் ஃபோகஸ். 400 மில்லிமீட்டரில், எஃப் 5.6 துளை அளவில், 15 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் 30 சென்டிமீட்டர் அளவுதான். நேரே உங்களை நோக்கி வேகமாக வரும் பறவை அதை நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். சாய்வாக வந்தால் கூடுதல் நேரம் தெளிவுக்குள் இருக்கும், முகமும் தெரியும்.

இன்னொன்று, மின்கம்பி உயரமானது. கீழிருந்து எடுத்தால் வெளுத்த வானத்தின் முன்னால் கறுத்த வயிறுதான் தெரியும். பறவைகள் இரை பிடிக்கும் இடத்தருகே, ஆளுயரத்துக்கு ஒரு காய்ந்த கிளையை நட்டு வைத்துப் பாருங்கள். பின்னால் நாற்பது ஐம்பது அடிக்கு எதுவும் இல்லாமல், அதற்கப்பால் மரமோ பயிரோ இருந்தால் நல்லது. சில நாளில் அவை அந்தக் கிளைக்குப் பழகிவிட வாய்ப்பு அதிகம். வேலிக்கம்பி இருந்தால் கிளைகூட வேண்டாம்.

சரி, அமைப்புகள். 1/1000 போதாது. நொடிக்கு 10 மீட்டர் போகும் பறவை அந்த நேரத்தில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், சிறகு நுனி அதற்கும் மேல். நீங்கள் கண்ட பச்சைத் தீற்றலில் பாதி இதனால் வந்தது. 1/3200 வையுங்கள், நகர்வு 3 மில்லிமீட்டராகக் குறையும். அதற்கு வெளிச்சம் போதுமா என்று யோசிக்க வேண்டாம். தெளிவான முழு வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, எஃப் 5.6, 1/3200 என்பது சரியான அளவு. காலை, மாலை இளவெயிலில் ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றுங்கள். படத்தில் மணல்போலப் புள்ளி விழுமே என்று பயந்து ஷட்டரைக் குறைக்காதீர்கள். புள்ளியைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், மங்கிய சிறகுக்கு மருந்து கிடையாது.

ஷட்டர், எஃப், ஐஎஸ்ஓ மூன்றையும் மேனுவலில் வையுங்கள், ஆட்டோ ஐஎஸ்ஓ வேண்டாம். பறவை வானத்தின் முன்னாலும் தென்னந்தோப்பின் முன்னாலும் மாறி மாறி வரும். அதன் மேல் விழும் வெயில் மாறுவதில்லை, பின்னணிதான் மாறுகிறது. கேமராவின் மீட்டர் பின்னணியைப் பார்த்து ஏமாந்துபோகும். கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையை வைத்து ஒருமுறை அளவைச் சரிபாருங்கள், அப்புறம் மேகம் வந்தால் மட்டும் மாற்றுங்கள்.

ஃபோகஸைத் தொடர் முறையில் (பறவை நகர நகர ஃபோகஸும் மாறும் முறை), நடுவில் ஒரு சிறு தொகுதிப் புள்ளிகளோடு வையுங்கள். ஒற்றைப் புள்ளியைச் சின்னப் பறவை மேல் நிறுத்துவது கடினம். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் பின்னணி மரத்துக்குத் தாவிவிடும். முடிந்தால் ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து எடுத்துப் பின்புறப் பொத்தானுக்கு மாற்றுங்கள். பறவை கிளையில் இருக்கும்போதே ஃபோகஸ் செய்து, விரலை எடுத்துவிடலாம். அது திரும்பி வரும் இடத்தில் ஃபோகஸ் தயாராக இருக்கும். லென்ஸில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருந்தால், கிட்டத்துத் தூரங்களை விலக்கி வையுங்கள், தேடி அலைவது குறையும்.

டிரைபாட் வேண்டாம். இந்த லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பதே நல்லது. இடது கை லென்ஸின் முன்பகுதியைத் தாங்கட்டும், முழங்கை உடம்போடு ஒட்டி இருக்கட்டும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கானல் அலை எழும்பும். அப்போது எந்த லென்ஸாலும் தூரத்துப் பறவையைக் கூர்மையாக எடுக்க முடியாது, கிளம்பிவிடலாம்.

பஞ்சுருட்டான் கைவந்த பிறகு தகைவிலான்களை முயலுங்கள். இவை பறந்தபடியே இரை பிடிப்பவை, திரும்பி வரும் கிளை என்று ஒன்று கிடையாது. ஆனால் குளத்தில் பறந்துகொண்டே தண்ணீர் குடிக்கும். அப்போது காற்றை எதிர்த்து ஏறக்குறைய ஒரே தடத்தில் திரும்பத் திரும்பத் தாழ இறங்கும். அந்தத் தடத்துக்குப் பக்கவாட்டில் கரையில் உட்கார்ந்து, பறவை தூரத்தில் இருக்கும்போதே பிடித்து, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக்கொண்டே தொடருங்கள். கால்கள் முதலிலேயே படமெடுக்கும் திசையைப் பார்த்திருந்தால் தடுமாற்றம் வராது. பனை உழவாரன் இதைவிடக் கடினம். அது கம்பியில் உட்காரவே உட்காராது. பனை ஓலையின் அடியில்தான் கூடு, ஒட்டிக்கொள்ளும் இடமும் அதுதான். மாலையில் பனைக்குத் திரும்பும் நேரம் பார்த்து நின்றால் ஒரு வாய்ப்பு உண்டு.

ஒரு இடத்தில் மட்டும் கேமராவை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மார்ச் முதல் ஜூன் வரை பஞ்சுருட்டான்கள் மண்மேட்டில் வளை தோண்டிக் கூடு வைக்கும். இரையோடு வளைக்கு வரும் பறவையை எடுப்பது சுலபம், அதனால் பலர் அங்கே போய் உட்காருகிறார்கள். மிலிந்த் வாட்வேயும் சக ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நிற்பவருக்கு வளை தெரியும் என்றால் இந்தப் பறவை உள்ளே போகத் தயங்குவதையும், வளை தெரியாத இடத்தில் நின்றால் தயக்கம் குறைவதையும் காட்டினார்கள். நீங்கள் அங்கே காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே குஞ்சு பசியோடு இருக்கும். வளை கண்ணில் பட்டால் விலகிப் போய்விடுங்கள்.

புது கேமரா பற்றி. இத்தனையும் பழகிய பிறகும் வாங்கும் எண்ணம் இருந்தால், மிர்ரர்லெஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) இரண்டு வசதிகளுக்குப் பணம் கொடுக்கலாம். ஒன்று, பறவையின் கண்ணைக் கண்டுபிடித்துத் தொடரும் ஃபோகஸ். மற்றொன்று, பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேர்த்துச் சேமிக்கும் வசதி. ஒலிம்பஸ் இதை 2016-இல் அறிவித்த இ-எம்1 மார்க் 2-இல் கொடுத்தது, இப்போது வேறு நிறுவனங்களின் கேமராக்களிலும் வருகிறது. கிளம்பும் கணத்தைக்கூட இதில் பிடிக்கலாம். ஆனால் இந்த வசதி பொதுவாக எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் (திரை அசையாமல் சென்சாரே படத்தை வரிவரியாகப் படிக்கும் முறை) வேலை செய்யும். சென்சார் மெதுவாகப் படிக்கும் கேமராவானால் வேகமாக அடிக்கும் சிறகு படத்தில் வளைந்து விழும். கடையிலேயே சோதித்துவிடுங்கள்: மேலே ஓடும் மின்விசிறியை எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/3200 வைத்து எடுங்கள். இறக்கை வாள்போல வளைந்து தெரிந்தால் அந்தக் கேமரா இந்த வேலைக்கு ஆகாது.