தடுப்பூசித் தயக்கம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: கொரோனா காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்கள் எல்லோரும் அறிவியலை மறுப்பவர்களா?

பதில்: இல்லை. முற்றாக எதிர்த்தவர்களைவிடத் தயங்கியவர்களே அதிகம். இத்தயக்கம் புதிதுமன்று, உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டிலேயே உலக மக்களின் நலத்துக்கான பத்து அச்சுறுத்தல்களுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டது. ஊசியின் மீதோ அதைத் தருவோர் மீதோ நம்பிக்கையின்மை, நோய் நம்மை என்ன செய்துவிடும் என்ற அலட்சியம், ஊசி போடும் இடத்துக்குப் போய்வர இயலாமை ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள். ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவரிடம் அறிவியல் விளக்கம் அளிப்பதில் பயனில்லை. அவருக்குத் தேவை மாலை நேர முகாம்.

கேள்வி: ஒரே ஆண்டில் உருவான தடுப்பூசியை எப்படி நம்புவது?

பதில்: நியாயமான ஐயம். ஆனால் அடித்தளம் பழையது. கொரோனா வைரஸ் வகைகளாலேயே முன்பு வந்த சார்ஸ், மெர்ஸ் ஆகிய நோய்களைப் பற்றிய ஆய்வுகளால், வைரஸ் நம் செல்களுக்குள் நுழையப் பயன்படுத்தும் கூர்ப்புரதத்தையே குறிவைக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தது. அந்தப் புரதத்தை நம் உடலே செய்துகொள்வதற்கான குறிப்பை ஊசி வழியே தரும் எம்ஆர்என்ஏ முறைக்கு வழிவகுத்த கண்டுபிடிப்பை அறிவியலாளர்கள் கட்டலின் காரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் வெளியிட்டார்கள்; அதற்காக 2023-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கேள்வி: அரிய பக்கவிளைவுகளை வெளிப்படையாகச் சொன்னால் மக்கள் பயந்து விலகிவிட மாட்டார்களா?

பதில்: சிலர் விலகக்கூடும், ஆயினும் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1976-இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில், ஏறத்தாழ லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக கியான்-பாரே நரம்பு நோய் வந்ததாகக் கணக்கிடப்பட்டது. அதை ஒட்டித் திட்டமே நிறுத்தப்பட்டது. 2021-இல் அஸ்ட்ராஜெனகா ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறைவது தெரியவந்தபோது, பல ஐரோப்பிய நாடுகள் அதைத் தற்காலிகமாக நிறுத்தி ஆராய்ந்தன. உண்மையை மறைத்துப் பின்னர் அது வெளியானால், அந்த ஊசியோடு மற்ற ஊசிகளின் மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும். ஊசியால் வரும் ஆபத்தின் அளவையும், நோயால் வரும் ஆபத்தின் அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: எழுபது வயதான என் தந்தை ஊசி வேண்டாம் என்கிறார். எத்தனை தரவுகளைக் காட்டினாலும் கேட்பதில்லை.

பதில்: தரவுகளை ஓரமாக வைத்துவிட்டு, அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று முதலில் கேளுங்கள், குறுக்கே பேசாமல் முழுவதையும் கேளுங்கள். அவர் நெடுங்காலமாக நம்பிவரும் மருத்துவர் ஒருவர் இருப்பார். அவரிடம் தந்தையை அழைத்துச் செல்லுங்கள். அங்கே தந்தையே பேசட்டும்.